டர்போ காருக்கு மாட்டிய போட் ஹோஸ்

எர்ணாவூர் மேம்பாலத்தின் ஏற்றத்தில், முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி, பின்னால் வரிசையாக ஏழெட்டு லாரிகள். நடுவே நான் வேலை பார்த்துக் கையெழுத்துப் போட்ட கார் இழுக்காமல் திணறுகிறது. கையில் போன் இருக்கிறது. நான் ஏன் ஒர்க்‌ஷாப்புக்குப் பேசவில்லை?

மூன்று வருடமாக இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு பதில் வரும். பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் அது பதில் இல்லை என்று தோன்றிவிடும்.

நீங்கள் மூன்று பேரும் இந்த ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. அடுத்த வாரம் நான் இரண்டாவது முறையாகப் பேறுகால விடுப்பில் போகிறேன். காரைத் தூக்கி நிறுத்தும் என் லிஃப்டில் இனி ஏறுகிற கார்களுக்கு நீங்கள்தான் கையெழுத்துப் போடப் போகிறீர்கள். "போறதுக்கு முன்னாடி அதுகளுக்கு நாலு வார்த்தை எழுதி வச்சிட்டுப் போம்மா" என்றார் முதலாளி. ஆயில் மாற்றுவதும் பிரேக் பார்ப்பதும் கையேட்டில் இருக்கிறது. உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும் என்றும் சில சமயம் பயமாக இருக்கிறது. அதனால் கையேட்டில் இல்லாத ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன்.

என் மகள் பிறந்து ஏழாவது மாதம் வேலைக்குத் திரும்பினேன். மாத்தூரில் வீடு. மகளை அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், விட்டுவிட்டு வருவேன். நான் திரும்பி வந்ததும் ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் என்மேல் அன்பைப் பொழிந்தார்கள். ஸ்பேனரை எடுத்தால் ஒருவர் வாங்கிக்கொள்வார். ஜாக்கியைத் தொட்டால் இன்னொருவர் ஓடி வருவார். பெயின்ட் அடிக்கிறவர்கூட, "நீங்க உக்காருங்க மேடம், நான் பாத்துக்கறேன்" என்பார். இன்ஜினைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதன்மேல் பெயின்ட் தெறிக்கக் கூடாது என்பது மட்டும்தான். திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். அன்பை என்ன செய்வது?

முதலாளி ஒரு நாள் கூப்பிட்டார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர் என்பது அவர் வாயைத் திறந்தால் உங்களுக்கே தெரியும்.

"இங்க பாரும்மா, உன்னயக் குறை சொல்லுதேன்னு நினைக்காத. புள்ள பெத்த உடம்பு. ராத்திரி தூக்கம் கிடையாது. கவனம் சிதறத்தான் செய்யும். பில்லிங் டேபிள் காலியா கெடக்கு. ஏசி ரூமு. அங்க உக்காந்துக்கோயேன்."

"இல்ல சார், நான் லிஃப்டுலயே இருக்கேன்."

"சரி, இரு. ஆனா ஒரு கண்டிஷன். இந்த மாசம் நீ கையெழுத்துப் போட்ட வண்டி ஒண்ணு கோளாறுன்னு திரும்பி வந்துச்சுன்னா, மறுநாள் பில்லிங் டேபிள்."

சரி என்றேன். டிப்ளமா முடித்து நான்கு வருடம் இந்த லிஃப்டுக்கு அடியில் நின்றிருக்கிறேன். ஏசி அறையில் உட்கார்ந்து மற்றவர்கள் செய்த வேலையைத் தட்டச்சு செய்ய எனக்கு மனமில்லை. அன்றிலிருந்து எல்லாவற்றையும் மூன்று முறை சரிபார்க்க ஆரம்பித்தேன். போல்ட்டை மூன்று முறை. ஆயிலை மூன்று முறை. வீட்டில் பால் பாட்டில் மூடியை மூன்று முறை. அத்தை ஒரு நாள், "அது பாட்டில்மா, பாம் இல்ல" என்றார்.

அந்த மாதத்தின் கடைசி வாரத்தில்தான் எத்திராஜ் அண்ணன் வந்தார்.

அவருக்குக் கல்மண்டபத்தில் வீடு. சொந்தமாக ஒரு விசைப்படகு. அப்போது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத அந்த இரண்டு மாதத்தில் படகுக்காரர்கள் வலை பின்னுவார்கள், இன்ஜினைப் பிரித்துப் பூட்டுவார்கள், படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள். எத்திராஜ் அண்ணன் இதையெல்லாம் முதல் பதினைந்து நாளிலேயே முடித்துவிட்டார். மிச்ச நாளில் போனில் வீடியோ பார்த்துத் தன் டர்போ காருக்குள் காற்று போக ஒரு ஏர் இன்டேக் செய்துவிட்டார்.

காற்றுப் பாதையைப் பெரிதாக்கினால் டர்போ வண்டி இன்னும் நன்றாக இழுக்கும் என்பது பாதி உண்மை. மிதிக்கும்போது 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும் என்பது முழு உண்மை. அவருக்கு வேண்டியது அந்தச் சத்தம்தான்.

"கம்பெனிக்காரன் வெச்சது சின்ன மூக்கு மேடம். நம்பளுது யானை மூக்கு. எல்லாம் நானே செஞ்சிகினு வந்துட்டேன். நீ மாட்டி மட்டும் வுட்ரு."

உடன் வந்திருந்த அவர் மனைவி தேவி அக்கா, கைப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எதுவும் பேசாமல் நின்றார்.

பானெட்டைத் திறந்தேன். ஃபில்டர் இருக்க வேண்டிய பெட்டியையே காணோம். இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவுக்குப் போகும் குழாயின் வாய் அப்படியே திறந்து கிடந்தது. அதன்மேல் பச்சை நைலானில் சின்னதாக ஒரு வலை, அழகான முடிச்சுகளோடு, இழுத்துக் கட்டப்பட்டிருந்தது.

"ஃபில்டர் எங்கண்ணா?"

"தோ, வலை கீதே. என் கையால பின்னது. நெத்திலிகூட பூராது."

"அண்ணா, காத்துல நெத்திலி வராது. தூசிதான் வரும்."

"தூசி இன்னா, நெத்திலிய வுட சின்னதா?"

"உன் மூளைய வுட சின்னது" என்றார் தேவி அக்கா. அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கல்மண்டபத்திலிருந்து எர்ணாவூரில் இருக்கும் நம் ஒர்க்‌ஷாப் வரை, நிலக்கரித் தூளும் சிமென்ட் தூளும் பறக்கிற சாலையில், அந்தக் கார் வலையை மட்டும் நம்பி மூச்சுவிட்டுக்கொண்டு வந்திருக்கிறது. அதை அப்படியே திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பழைய பெட்டியைக் கொண்டு வாருங்கள் என்றேன். அண்ணன் மனைவியைப் பார்த்தார்.

"அதுல பொதினா நட்டுட்டேன்" என்றார் தேவி அக்கா. "அடியில ஓட்டைகூட கீது. தண்ணியே நிக்கல. நல்லா தழைஞ்சி வருது."

சரி, அவர் கொண்டு வந்ததையாவது ஒழுங்காக மாட்டித் தரலாம் என்று முடிவு செய்தேன். டிக்கியில் மூன்று பொருள்கள் இருந்தன. கடையில் வாங்கிய ஒரு கூம்பு ஃபில்டர். ஆக, ஃபில்டரும் வாங்கியிருக்கிறார். வலை போதும் என்று அதை டிக்கியிலேயே வைத்திருந்தார். அடுத்தது, தடித்த கறுப்பு ரப்பர் குழாய் ஒன்று. மூன்றாவது, இன்ஜின் சூடு படாமல் ஃபில்டரை மறைக்க, மீன் பெட்டியிலிருந்து அறுத்தெடுத்த தெர்மாகோல். அதற்கு வெள்ளித்தாள் சுற்றியிருந்தார். சுற்றியும் வஞ்சிர வாசனை போகவில்லை.

"தெர்மாகோல் முடியாதுண்ணா" என்றேன். "சூட்டுல உருகும். உதிர்ந்து உள்ள போகும். தகரம்தான் வைக்கணும்."

அவர் முகம் வாடியது. ஆனால் ஒப்புக்கொண்டார்.

இங்கே கொஞ்சம் நின்று கவனியுங்கள். நான் முடியாது என்று சொல்வது அபூர்வம். பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வாசலில் வண்டி நிறுத்தினால்கூட, இடம் போதுமா என்று கேட்கிறவள். ஒரு வாடிக்கையாளரிடம் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லிவிட்டேன், அதற்குத் தொழில்ரீதியாகக் காரணமும் சொல்லிவிட்டேன். அந்தப் பெருமையில் மீதி எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். குழாயைப் பார்த்தேன். கனமாக இருந்தது. எண்ணெய் பட்டால் கெடாத ரப்பர். மேலே இங்கிலீஷில் ஏதோ அச்சடித்திருந்தது. அளவும் சரியாக இருந்தது. "போட்ல போடுறது மேடம், உப்புத் தண்ணியே ஒண்ணியும் பண்ணாது" என்றார். திருப்தியாக இருந்தது. ஒரு பொருளை நிராகரித்த உடனே அடுத்த பொருளைப் பார்க்காதீர்கள். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

மாட்டினேன். காற்றை அளக்கும் சென்சாரை அம்புக்குறி பார்த்துப் பொருத்தினேன், மூன்று முறை. குழாயை இறுக்கும் கிளாம்ப்புகளை முறுக்கினேன், மூன்று முறை. சோப்புத் தண்ணீர் அடித்து எங்காவது கசிகிறதா என்று பார்த்தேன். வண்டியை நிறுத்திய இடத்திலேயே உறுமவிட்டேன். எல்லாம் நன்றாக இருந்தது. செய்த வேலையை எழுதும் ஜாப் கார்டில் கையெழுத்துப் போட்டேன். அண்ணன் விருப்பப்படி வலையையும் ஃபில்டரின்மேல் கட்டிவிட்டேன். அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. அவருடைய முடிச்சுகள் என் கிளாம்ப்புகளைவிட நேர்த்தியாக இருந்தன.

மதியம் முதலாளி உதிரிபாகம் வாங்க மாதவரம் போயிருந்தார். ஐந்து மணிக்கு வண்டியை டெலிவரி கொடுக்க வேண்டும். ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன். எத்திராஜ் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். தேவி அக்காவும் பின்னால் ஏறிக்கொண்டார்.

"நீ எதுக்குடி?"

"நீ செஞ்சத நீயே பாத்தா நல்லாதான் கீதுன்னுவ. சாட்சி வாணாவா?"

சமதளத்தில் கார் சமர்த்தாகப் போனது. எர்ணாவூர் மேம்பாலத்தில் ஏற்றத்துக்காக மிதித்தேன். 'உஸ்ஸ்' என்று ஆரம்பித்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார்.

அவர் கும்பிட்டு முடிப்பதற்குள் சத்தம் அடங்கிவிட்டது. யாரோ மூக்கைப் பிடித்ததுபோல வண்டி திணறியது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. மிதிக்க மிதிக்க வேகம் குறைந்தது. பின்னால் லாரிகள் ஹாரனை அழுத்தின. ஒரு டிரைவர் பக்கவாட்டில் வந்து தலையை நீட்டினார்.

"யோவ், காரா அது, கட்டை வண்டியா?"

"டர்போ வண்டிய்யா!" என்றார் அண்ணன்.

"டர்போவா? அப்ப எறங்கித் தள்ளு!"

எப்படியோ உருட்டிக்கொண்டு உச்சியைத் தாண்டி மணலிப் பக்கம் இறங்கி ஓரமாக நிறுத்தினேன். பானெட்டைத் திறந்தேன்.

ஒன்றுமே இல்லை. குழாய் உருண்டையாக, கொழுகொழுவென்று என் மகளின் கை மாதிரி இருந்தது. கிளாம்ப்புகள் அசையவில்லை. இன்ஜினை ஓட்டினால் அமைதியாக ஓடுகிறது. மூன்று நாளாக வீட்டில் இருமிய குழந்தை டாக்டருக்கு எதிரில் உட்கார்ந்ததும் சிரிக்குமே, அப்படி இருந்தது அந்தக் கார்.

"தூசி அடைச்சிகிச்சா?" என்றார் அண்ணன்.

"இல்லண்ணா."

"நெத்திலி?"

"யோவ், கம்முனு இரு" என்றார் தேவி அக்கா.

போனை எடுத்தேன். முதலாளியின் எண்ணைத் தேடினேன். அவர் எண்ணுக்கு மேலேயே அத்தையின் எண் இருந்தது. விரல் அங்கே போய்விட்டது.

"பாப்பா சாப்பிட்டாளா அத்தை?"

"கேரட் மசிச்சுக் குடுத்தேன். பாதி சாப்பிட்டா, மீதிய என் புடவைக்குக் குடுத்துட்டா. நீ எங்க இருக்க? ஹாரன் சத்தமா கேக்குது."

"ஆபீஸ்லதான் அத்தை."

"ஆபீஸுக்குள்ள லாரி வருதா?"

பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். முதலாளிக்கு மட்டும் பேசவில்லை. வந்த வழியே திரும்பிப் போய்ப் பார்ப்போம் என்று முடிவெடுத்தேன். அதாவது, ஒரு முறை நடுப்பாலத்தில் திணறிய வண்டியில், வேறு வீட்டுக்காரர்கள் இரண்டு பேரை உட்கார வைத்துக்கொண்டு, அதே பாலத்தில், அதே லாரிகளுக்கு நடுவே மறுபடி ஏறினேன்.

மறுபடியும் அதேதான். அரைப் பாலம் வரை உஸ். பிறகு மூச்சுத்திணறல். மஞ்சள் விளக்கு. ஹாரன். இறங்கி நிறுத்திப் பார்த்தால் குழாய் கொழுகொழு.

நிறுத்திய இடத்தில் ஒரு ஜூஸ் கடை இருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு தேவி அக்கா மூன்று சாத்துக்குடி ஜூஸ் சொன்னார். நான் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, சென்சாரா, வயரா, டர்போவே போய்விட்டதா என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு நினைப்பின் முடிவிலும் பில்லிங் டேபிள் வந்து நின்றது. அதன்மேல் ஒரு சின்னத் தொட்டிச் செடியும் ஒரு காலண்டரும்கூடத் தெரிந்தன.

"இன்னா மேடம், ரொம்ப மெர்சலாவுற?" என்றார் அண்ணன். "வுடு. சத்தம் ரெண்டு வாட்டி வந்திச்சே, அது போதும். போட்டுங்கள்லாம் கட்டிப் போட்டுக் கெடக்கு. இன்ஜின் சத்தமே இல்லாம காது நமநமன்னு கீது. அதுக்கோசரம்தான் இத்த செஞ்சேன்."

அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு இன்னும் பாரமாகிவிட்டது.

தேவி அக்கா ஜூஸ் குடித்துக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றார். பேப்பர் ஸ்ட்ரா. ஊறிப்போய்விட்டது. அவர் உறிஞ்ச உறிஞ்ச அது நடுவில் சப்பையாக ஒட்டிக்கொண்டது. "கருமம்" என்று அதை வாயிலிருந்து எடுத்தார். எடுத்ததும் ஸ்ட்ரா மறுபடி உருண்டையானது. அதைப் பார்த்தார். குனிந்து காரின் குழாயைப் பார்த்தார். கட்டைவிரலால் அதை அழுத்தினார். இன்ஜின் சூட்டில் இளகிப்போன ரப்பர் நன்றாக உள்ளே போய், விட்டதும் வெளியே வந்தது.

"யோவ், இங்க வா. இது எந்த ஹோஸு?"

"நம்ப போட்டு ஹோஸு."

"அத்த கேக்கல. பம்புல எந்தப் பக்கம் போடுறது?"

"டெலிவரி."

"டெலிவரி ஹோஸு தண்ணியத் தள்றதுக்கு. உறிஞ்சுறதுக்குப் போட்டா இன்னா ஆவும்?"

எத்திராஜ் அண்ணன் குனிந்து தானும் குழாயை ஒரு முறை அழுத்தினார்.

"ஒட்டிக்கும்" என்றார் கடைசியில், மெதுவாக.

"உறிஞ்சுற பக்கம் இன்னா போடுவோம்?"

"கம்பி வெச்ச ஹோஸு."

"அப்ப இங்க ஏன் இத்த போட்ட?"

"காத்து இன்ஜினுக்கு உள்ள தானே போவுது? அப்ப டெலிவரி தானே?" என்றவர், சொல்லி முடிப்பதற்குள் தானே தலையில் அடித்துக்கொண்டார்.

டர்போ காற்றைத் தள்ளுகிறது என்றுதான் நாமும் பேசுகிறோம். தள்ளுவதற்கு முன்னால் அது உறிஞ்ச வேண்டும். நின்ற இடத்தில் உறுமும்போது லேசாகத்தான் உறிஞ்சும், குழாய் தாங்கும். ஏற்றத்தில் முழுக்க மிதித்தால், சூட்டில் இளகிய குழாய் உள்பக்கமாக ஒட்டிக்கொள்ளும். காலை எடுத்து வண்டியை நிறுத்தினால் மறுபடி உருண்டையாகிவிடும். நான் பானெட்டைத் திறந்தபோதெல்லாம் பார்த்தது அந்த உருண்டையைத்தான். அந்தக் குழாய் கசியுமா, அளவு சரியா, எண்ணெய் தாங்குமா என்று எல்லாம் மூன்று முறை பார்த்தேன். சப்பையாகுமா என்று ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. தப்பான கேள்வியை மூன்று முறை கேட்டாலும் தப்பான பதில்தான் மூன்று முறை வருகிறது.

படகில் தண்ணீர் இறைக்கும் பம்ப்பைப் பத்து வருடமாகப் பார்த்துக்கொள்கிறவர் தேவி அக்காதான் என்று பிறகு தெரிந்தது. அண்ணன் கடலுக்குப் போவார், படகின் பழுது அக்கா பொறுப்பு. அவரை நான் காலையிலிருந்து 'கூட வந்தவர்' என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். குழாயை மாட்டும்போது அவர் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். ஒரு முறை திரும்பி, "நீங்க என்ன நினைக்கிறீங்க அக்கா?" என்று கேட்டிருக்கலாம்.

சப்பையாகாமல் உள்ளே கம்பிச்சுருள் வைத்த குழாய் காசிமேட்டில் அவர்களுடைய வலைக் கொட்டகையில் இருந்தது. லேசாக மிதித்தால் குழாய் ஒட்டாது என்பதால் இருபது கிலோமீட்டர் வேகத்தில் கடலோரச் சாலையில் உருட்டிக்கொண்டு போனேன். திருவொற்றியூரைத் தாண்டுவதற்குள் இரண்டு சைக்கிள்களும் மீன் ஏற்றுகிற மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றும் எங்களை முந்திவிட்டன. மீன்பாடி வண்டிக்காரர் எத்திராஜ் அண்ணனுக்குத் தெரிந்தவர்.

"இன்னா மாமு, ஊர்வலமா? நல்லது கெட்டது எதுனாவா?"

"நீ போ நைனா" என்று அண்ணன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

காசிமேட்டில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள், டர்போ காருக்குப் படகு பம்ப்பின் குழாயை மாட்டுவதைப் பார்க்க எழுந்து வந்துவிட்டார்கள்.

"இன்னா எத்திராஜு, தடைக்காலத்துல காரையே கடலுக்கு எறக்கப் போறியா?"

"ஐஸு எத்தினி பெட்டி ஏத்தட்டும்?"

தேவி அக்கா குழாயை அளந்து அறுத்தார். உள்ளிருக்கும் கம்பியின் அறுபட்ட நுனி உதிர்ந்து டர்போவுக்குள் போய்விட்டால் என்ற பயம் எனக்கு வந்தது. நுனியைப் பின்னால் மடக்கி, ரப்பருக்குள் அழுத்தி, அதன்மேல் கிளாம்ப் வைத்தேன். இந்த முறை எண்ணவில்லை. குழாயின் ஒரு முனையை உள்ளங்கையால் மூடி, மறுமுனையில் வாயை வைத்து முழு மூச்சோடு உறிஞ்சிப் பார்த்தேன். அசையவில்லை. வாயில் டீசலும் உப்பும் கரித்தன. சுற்றி நின்றவர்களில் ஒருவர், "மேடம், தண்ணி வேணும்னா கேக்கலாம்ல?" என்றார்.

திரும்பும்போது, ஓட்டிப் பார்ப்பதற்காகவே ஒர்க்‌ஷாப்பைத் தாண்டிப் போய் எர்ணாவூர் மேம்பாலத்தில் மூன்றாவது முறையாக ஏறினோம். மிதித்தேன். உஸ்ஸ். அரைப் பாலம் தாண்டியும் உஸ்ஸ். உச்சி வரை உஸ்ஸ். லாரிகள் பின்னால் போயின. எத்திராஜ் அண்ணனின் கண்ணில் தண்ணீர்.

"இதுக்கா ஒரு மாசம்?" என்றார் தேவி அக்கா. "வூட்டுல குக்கர் இத்த வுட நல்லா அடிக்கும்."

ஒர்க்‌ஷாப்புக்குள் நுழையும்போது ஐந்தரை. முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, வண்டி எப்படி இருக்கு?" என்று எத்திராஜ் அண்ணனைக் கேட்டார்.

"சூப்பரு சார். ஒரு பேஜாரும் இல்ல. மேடம் ஒரே வாட்டில முடிச்சிடுச்சி. நான்தான் பீச் பக்கம் ஒரு ரவுண்டு போவலாம்னு இட்டுகினு பூட்டேன்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். தேவி அக்கா கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தார்.

நானும் சும்மா இருந்திருக்கலாம். வண்டி நன்றாக ஓடுகிறது, வாடிக்கையாளருக்குச் சந்தோஷம், கையெழுத்து என்னுடையது. ஆனால் ஜாப் கார்டில் இருப்பது முதலில் மாட்டிய குழாய், காரில் இருப்பது வேறு குழாய். நாளை அந்தக் கம்பி நுனி உதிர்ந்தால், அங்கே கம்பி இருக்கிறது என்பது யாருக்குத் தெரியும்? மேஜைக்குப் போய் எழுதினேன்: 'முதலில் போட்ட குழாய் ஏற்றத்தில் உள்பக்கமாக ஒட்டிக்கொண்டது. பாலத்தில் இரண்டு முறை வண்டி இழுக்கவில்லை. நான் கவனிக்கத் தவறியது. கண்டுபிடித்தவர் வாடிக்கையாளரின் மனைவி. கம்பி வைத்த குழாய் மாற்றப்பட்டது. நுனியை அடுத்த சர்வீஸில் பார்க்க வேண்டும்.' கார்டை முதலாளியிடம் கொடுத்தேன்.

அவர் இரண்டு முறை படித்தார்.

"அப்ப பில்லிங் டேபிளுக்கு உன்னயப் போட்டுட்டு, லிஃப்டுக்கு இந்த அக்காவப் போடணும் போலயே?"

"நான் வர மாட்டேன் சார்" என்றார் தேவி அக்கா. "போட்டு இன்னும் ரெண்டு வாரத்துல எறங்குது."

முதலாளி சிரித்தார். அவர்கள் காரை எடுத்துக்கொண்டு உஸ்ஸென்று கிளம்பிப் போகும்வரை சிரித்துக்கொண்டுதான் இருந்தார். கார் திருப்பத்தில் மறைந்ததும் சிரிப்பு நின்றது.

"பாலத்துல நின்னப்ப எனக்கு ஏன் போன் பண்ணல?"

ஸ்பேனர் ஒன்றை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

"லாரி போற ரோடு. பின்னால ஒருத்தன் பிரேக் புடிக்கலன்னா என்ன ஆகியிருக்கும்? வீட்டுல உம் புள்ள இருக்கு. அவங்க வீட்டுல யார் யார் இருக்காங்களோ. ஒரு போன் பண்ணியிருந்தா வண்டியக் கட்டி இழுத்தாந்திருப்பேன்லா? ஏன் பண்ணல?"

நீங்கள் கண்டிஷன் போட்டீர்களே, அதனால்தான் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொன்னால் பழியை அவர்மேல் தள்ளியதாகிவிடும். அது முழு உண்மையா என்பதும் எனக்கு நிச்சயமில்லை. கண்டிஷன் இல்லாவிட்டாலும் நான் பேசியிருக்க மாட்டேனோ? தப்பு செய்துவிட்டேன் என்று ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்வதைவிட அதே பாலத்தில் இரண்டாவது முறை ஏறுவது எனக்குச் சுலபமாக இருந்ததோ? துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்தேன். அவர் கார்டை ஃபைலில் போட்டார். "போ, போய்ப் புள்ளயப் பாரு. நாளைக்கு லிஃப்டுக்கு வந்துரு" என்றார். பில்லிங் டேபிளைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவேயில்லை.

இப்போது அவர் பேசியிருக்கிறார். போன திங்கட்கிழமை கூப்பிட்டு, "புதுசா வந்த மூணு பேருக்கும் அதே கண்டிஷனச் சொல்லிரு. ஒரு வண்டி திரும்பி வந்தா மறுநாள் பில்லிங் டேபிள். உனக்கு அதுதான கவனத்தக் குடுத்துச்சு?" என்றார். அதை எழுதி, கையெழுத்துப் போட்டு, நான் போவதற்கு முன் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும்.

எழுதிவிட்டேன். நான்கு நாளாகக் கைப்பையில் இருக்கிறது. அவர் சொன்னதும் பொய்யில்லை. அந்தப் பயம் இல்லாவிட்டால் வேறு எத்தனையோ வண்டிகளில் எத்தனையோ போல்ட்டுகளை நான் ஒரு முறைகூடச் சரியாகப் பார்த்திருக்க மாட்டேன். அதே பயம்தான் தேவி அக்காவையும் எத்திராஜ் அண்ணனையும் லாரிகளுக்கு நடுவே இரண்டாம் முறை கொண்டுபோய் நிறுத்தியது. இந்தத் தாளை ஒட்டினால் உங்களில் ஒருவர் என்றாவது ஒரு நாள் ஒரு பாலத்தின்மேல் போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பீர்கள். ஒட்டாவிட்டால் யாராவது ஒரு கிளாம்ப்பைப் பார்க்காமல் விடுவீர்களோ என்று வீட்டில் குழந்தையோடு உட்கார்ந்து நான் யோசித்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை என் கடைசி நாள். கையெழுத்துப் போடப் போகிறவர்கள் நீங்கள். ஒட்டவா, கிழித்துப் போடவா? கிழிப்பதென்றால் அந்த இடத்தில் வேறு என்ன எழுதலாம்? மூன்று பேரும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க வேண்டாம். எனக்குப் பிடிக்கும் என்பதற்காக எதையும் எழுதாதீர்கள். முதலாளியிடம் என்ன சொல்வது என்பதை உங்கள் மூன்று தாள்களையும் படித்த பிறகுதான் முடிவு செய்யப் போகிறேன்.